கல்லுக்கு வைத்த பொட்டு

என் ஆய்வுக் கல்லில் ஈயம் அளவுக்கு மீறிக் காட்டியபோது நான் சந்தேகப்பட்டது பக்கத்து மேசைக்காரனை.

தொண்ணூறுகளின் தொடக்கம். சென்னையில் நாங்கள் இருவரும் ஆராய்ச்சி மாணவர்கள்; நான் ராஜபாளையம், அவன் ஸ்ரீவில்லிபுத்தூர். அந்தமான் பக்கத்து எரிமலைத் தீவிலிருந்து வந்த கறுத்த, துளைத்துளையான கற்கள்தான் என் ஆய்வு. கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் அடியில் புதையும்போது அதிலுள்ள நீர் பிழியப்பட்டு மேலேறும். ஈயத்தையும் பேரியத்தையும் கரைத்துக்கொண்டு போய், மேலே உருகும் பாறையில் சேர்க்கும். நையோபியம் என்ற தனிமம் அவ்வளவாகக் கரையாது, கீழேயே தங்கிவிடும். அந்த நீரின் தடயத்தை நிரூபித்தால்தான் எனக்குப் பட்டம்.

பேரியம் எதிர்பார்த்த அளவில்தான் இருந்தது. ஈயம் மட்டும் தனியாக எகிறியது. தண்ணீர் அப்படி ஒன்றை மட்டும் அள்ளி வராது, யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று முடிவுகட்டினேன். ஆய்வகச் சாவி அவனிடம் இருந்தது. எனக்கு அது போதும்.

“ஏலே, என் பொடியில என்னத்தக் கலந்த?”

“செத்த யோசிச்சுப் பேசு” என்றான்.

யோசிக்கவில்லை. வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். அவனிடமிருந்து சாவியை வாங்கி என்னிடம் கொடுத்தார்கள்.

பொங்கலுக்கு ஊருக்கு வந்து, கல் சேகரிக்கும் பையைத் திறந்தேன். சுத்தியல் பிடியில் காய்ந்த குங்குமம். அண்ணன் மனைவியிடம் கேட்டேன்.

“ஆயுத பூசைக்கு நீங்க வந்தப்ப நாந்தான் வச்சேன் தம்பி. உங்க தொழில் சாமான்னு பையில இருந்த கல்லுக்கும் சேத்து வச்சேன். பொறவு கழுவிட்டனே.”

கல் முழுக்கத் துளை. கழுவினால் எங்கே போகும்? மேல்தோலை வெட்டி எறிந்துவிட்டுத்தான் பொடிக்க வேண்டும். துண்டு சிறியது என்று கஞ்சத்தனம் பிடித்து அப்படியே அரைத்த மகராசன் நான். மதினியின் குங்குமப் பொட்டலத்தைச் சென்னைக்குக் கொண்டுபோய்ச் சோதித்தேன். நிறத்துக்காக ஈயச் செந்தூரம் கலந்திருந்தார்கள். விடுதியிலேயே கிடந்த இன்னொரு கல்லை அளந்தேன். ஈயமும் பேரியமும் சேர்ந்தே கூடியிருந்தன, நையோபியம் குறைந்திருந்தது. ஆய்வு தப்பித்தது.

வெட்கத்தோடு, ஊருக்குப் போயிருந்த அவனைத் தேடி ஸ்ரீவில்லிபுத்தூரில் அவன் வீட்டுக்குப் போனேன். எல்லாவற்றையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். வாசலில் நின்றபடியே சொன்னான்.

“கல்லு தப்புக் காட்டுனதும் இன்னொரு கல்ல எடுத்து அளந்து பாத்த. சந்தோசம். எனக்கு மட்டும் ஒரு தடவையோட முடிவு கட்டிட்ட.”

சாவியை நீட்டினேன். அவன் கை நீட்டவில்லை.