டிஸ்பென்சரிக்கு எடுத்த ஃபோன்

அன்று என் மகளுக்கு மூச்சிழுப்பு. டொக்டர் இருக்கிறாரா என்று கேட்கக் கற்பிட்டியிலிருந்து டிஸ்பென்சரிக்கு ஃபோன் எடுத்தேன். அந்த எண்ணுக்குக் கட்டணம் அதிகம். யாரும் எடுக்கும்வரை காத்திருக்க வைத்த பாட்டு ஓடியே என் ஃபோன் காசில் பெரும்பகுதி போனது.

ஒரு பெண் எடுத்ததும் சலாம் சொன்னேன். காரியத்தை உடனே சொல்வது மரியாதையில்லை என்று எனக்குக் கூச்சம். "சுகமா இருக்கீங்களா? வீட்டில எல்லாரும் எப்படி?" என்று விசாரித்தேன். காசு முடிந்து அழைப்பு அறுந்தது. பக்கத்து வீட்டில் ஃபோன் கேட்கவும் வெட்கம். மகளின் உதடுகள் நீலமாகிக்கொண்டிருந்தன.

அதே பெண் தன் சொந்த ஃபோனிலிருந்து திருப்பி எடுத்து, அண்ணன் முறையில் என்னை 'நானா' என்று கூப்பிட்டார்.

"நானா, என்ட சுகத்த விடுங்க. யாருக்கு வருத்தம்?"

"மகளுக்கு. மூச்செடுக்க ஏலாம இருக்கா."

"இங்க வராம நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடுங்க!"

மகள் பிழைத்தாள். இத்தனை காலம் மரியாதை என்று நான் நினைத்திருந்ததில் பாதி பயம்தான்.