பஞ்சு வேனின் இரைச்சல்

என் அண்ணனைப் பஞ்சு என்று சொன்னால்தான் யாருக்கும் தெரியும். அவன் ஓட்டினால் பஞ்சு மூட்டைமேல் உட்கார்ந்து போவது போல இருக்கிறது என்று ஏதோ ஒரு சவாரிக்காரர் வைத்த பெயர் அது. சிறுநீரகம் கெட்டுப்போனவர்களை டயாலிசிஸுக்கு ஆஸ்பத்திரி கூட்டிப்போய், திரும்பக் கொண்டுவந்து வீட்டில் விடுவது அவன் பிழைப்பு. ஊசி குத்திய கை கதவில் இடிக்காதபடி யாரை எந்தப் பக்கம் உட்கார வைக்க வேண்டும் என்பது அவனுக்கு மனப்பாடம். அவனுக்குக் குழந்தை இல்லை. அண்ணிக்குக் கோபம் வந்தால், "அவருக்கென்ன, வேன் நிறைய சொந்தம்" என்பாள். கோபம் வராத நாளிலும் அதையேதான் சொல்வாள்.

அந்த வேன்தான் திடீரென்று கத்த ஆரம்பித்தது. சும்மா நிற்கும்போதே இன்ஜின் உறுமும். கியரைப் போட்டால் குதித்துக்கொண்டு கிளம்பும். என் வீட்டுக்காரர் மெக்கானிக். அவருடைய ஷெட்டின் முன்னறையில் உட்கார்ந்து உதிரிபாகம் விற்கிறவள் நான். அண்ணன் தெருமுனையில் திரும்பும்போதே எனக்குச் சத்தம் கேட்டுவிடும்.

"என்ன மச்சான், ஐடிலிங் இப்படி ஏறிக் கெடக்கு?" என்றார் என் வீட்டுக்காரர்.

"வயசாயிடுச்சு மாப்ளே. வண்டியச் சொன்னேன்" என்று அண்ணன் சிரித்தான்.

இவர் ஒன்றையும் விடவில்லை. ஆக்சிலேட்டர் கேபிள் எங்காவது சிக்கியிருக்கிறதா என்று பார்த்தார். சோக் முழுதாகத் திறக்கிறதா என்று பார்த்தார். எங்கேயாவது காற்று கசிந்து உள்ளே போனாலும் இன்ஜின் இப்படித்தான் ஓடும் என்று, கார்பரேட்டரின் அடியிலும் ரப்பர் குழாய்களிலும் கிளீனரைப் பீய்ச்சிக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். கசிவு இருந்தால் அந்த இடத்தில் சத்தம் மாறும். மாறவே இல்லை. கடைசியில் பார்த்தால், வண்டி சும்மா நிற்கும்போது இன்ஜின் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும் என்று வைக்கிற ஐடில் ஸ்க்ரூவை யாரோ நன்றாக முறுக்கி ஏற்றியிருக்கிறார்கள்.

"எவன்டா என் வேலைல கை வெச்சது?" என்று கத்திவிட்டு அதை இறக்கி வைத்தார். வேன் பூனைபோலப் போனது. இரண்டு நாளில் மறுபடி கத்திக்கொண்டு வந்து நின்றது.

"ஒழுங்கா ஒரு ஸ்க்ரூ திருகத் தெரியல, இதுல பெரிய மெக்கானிக்குன்னு பேரு வேற" என்றேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும், வந்தால் வாய் நிற்காது. மனிதர் என் நெயில் பாலிஷ் பாட்டிலை எடுத்துப்போனார். ஸ்க்ரூவை இறக்கி, அதன் தலையிலும் பக்கத்து இரும்பிலும் சேர்த்து ஒரு சொட்டுச் சிவப்பு வைத்தார். யாராவது திருகினால் பாலிஷ் விரிசல் விடும். அடுத்த முறை வேன் வந்தபோது விரிசல் மட்டுமல்ல, பக்கத்தில் புதுக் கீறலும் இருந்தது.

"உங்க அண்ணனத் தவிர அந்த வண்டிய வேற யாரும் தொடறதில்ல" என்றார் மெதுவாக.

"அவனுக்கென்ன பைத்தியமா?" என்று எரிந்து விழுந்தேன். ஆனால் மனசு கேட்கவில்லை. மறுநாள் காலை, ஆஸ்பத்திரிப் பக்கம் ஒரு வேலை இருப்பதாகப் பொய் சொல்லி அவன் பக்கத்து சீட்டில் ஏறிக்கொண்டேன்.

முதல் சிக்னலிலேயே பார்த்துவிட்டேன். கிளட்ச்சை மிதிக்க, இடது முழங்காலுக்கு மேல் பேன்ட்டைக் கொத்தாகப் பிடித்து, காலைக் கையால் தூக்கி வைத்தான். விடும்போது கால் பக்குவமாக மேலே வரவில்லை, சட்டென்று நழுவியது. அப்படி விட்டால் எந்த வண்டியும் அணைந்துபோகும். இன்ஜின் அந்த வேகத்தில் உறுமிக்கொண்டிருந்ததால் அணையாமல் தூக்கிப்போட்டுக் கிளம்பியது. அதற்குத்தான் ஸ்க்ரூவை முறுக்கியிருக்கிறான்.

"அண்ணே, கால்ல என்ன?"

"மரத்துப்போச்சு, சரியாயிடும்."

"எத்தன நாளா?"

பின்னாலிருந்து தையல்கார அம்மா, வாரம் தவறாமல் வருகிறவர், என் தோளைத் தொட்டார். "அவரத் திட்டாதம்மா. எங்க எல்லாருக்கும் தெரியும். சொன்னா வண்டிய நிறுத்திடுவாரேன்னு யாரும் வாயத் தொறக்கல." அண்ணன் கண்ணாடியில் அவரை ஒரு தரம் பார்த்தான். அவர்களுக்குத் தெரியும் என்று அதுவரை அவனுக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் சக்கர நாற்காலியில் ஒரு பெரியவர் குறுக்கே வந்தார். அண்ணன் பிரேக்கை அழுத்தினான். கிளட்ச்சுக்கு இடது காலைத் தூக்கக் கை போகவில்லை, ஸ்டீயரிங்கை விட முடியவில்லை. கியரில் இருந்த வண்டி பிரேக்கையும் மீறி இரைந்து முன்னால் தள்ளியது. நான் கத்தினேன். நாற்காலிக்கும் வண்டிக்கும் நடுவே என் கை நுழையும் அளவு இடம்தான் இருந்தது. பெரியவர் ஒன்றும் நடக்காதது போல எங்களைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார். அண்ணனின் உதடு வெளுத்துப்போயிருந்தது.

டயாலிசிஸ் முடிந்ததும் எல்லோரையும் வீட்டில் விட்டுவிட்டு நேராக ஷெட்டுக்கு வந்தோம். வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். டாக்டரிடம் ஏன் போகவில்லை, அண்ணியிடம் ஏன் சொல்லவில்லை, அறிவிருக்கிறதா என்று.

"டாக்டர் மொதல்ல ஓட்டாதன்னுதானே சொல்வாரு" என்றான். "நான் போகலன்னா இவங்கள யாரு இப்படிக் கூட்டிட்டுப் போவா?"

அழுகை வந்துவிடும் போலிருந்தது. அதனால் இன்னும் சத்தமாகத் திட்டினேன்.

என் வீட்டுக்காரர் நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார், ஆனால் கை வைக்கவில்லை. "மச்சான், நீங்க சொன்னாத்தான் எறக்குவேன்" என்றார்.

அண்ணன் ஸ்டீயரிங்கைப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"எறக்கு மாப்ளே."

இவர் திருகத் திருகச் சத்தம் தணிந்தது. அண்ணன் கண்ணை மூடிக் கேட்டான். "இன்னும் கொஞ்சம்... இன்னும்... ம், போதும்." இன்ஜின் சீராக ஓடியது. காலைத் தூக்கி வைத்துக் கியர் போட்டான், விட்டான். வண்டி ஒரு குலுக்கலோடு அணைந்தது. மறுபடி ஸ்டார்ட் செய்தான். மறுபடியும் அணைந்தது. சாவியிலிருந்து கையை எடுத்துவிட்டான்.

"வண்டியில ஒரு கொறையும் இல்ல, மாப்ளே" என்றான்.

இவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு துணியில் கையைத் துடைத்துக்கொண்டே நின்றார். நான் போய்க் கதவைத் திறந்தேன். அண்ணன் வலது காலைத் தானே இறக்கினான். இடது கால் வரவில்லை.

"கொஞ்சம் தூக்கி விடும்மா" என்றான். என்னிடம் அவன் எதையும் கேட்டதில்லை. குனிந்து இரண்டு கையாலும் தூக்கினேன். பேன்ட்டுக்குள் கால் குச்சியாகியிருந்தது, ஒரு கையே போதும்.

"ரொம்பக் கனக்குதா?" என்று கேட்டான். "எனக்கு மலையா கனக்குது."

"ஆமாண்ணே, கனமாத்தான் இருக்கு" என்றேன்.