மழுங்கிய மூலைகள்

ஆய்வுக்கூடத்தில் எல்லோரும் அவளைப் பளிச்சக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் கழுவி வைத்த குடுவையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். வீட்டிலும் அதே கூத்துதான். பள்ளிப் பேருந்து ஓட்டும் அவள் வீட்டுக்காரர் காபிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு அந்தப் பக்கம் திரும்பினால் போதும், பாதிக் காபியைக் கொட்டிக் கழுவிக் கவிழ்த்திருப்பாள்.

பிளாட்டினத்தில் பொடிப் பொடிக் கட்டிகள் செய்வது அவள் வேலை. கண்ணுக்குத் தெரியாத பொடி. ஆனாலும் ஒவ்வொன்றுக்கும் ஆறு முகம், எட்டு மூலை, அச்சு அசல் சர்க்கரைக் கட்டி. அதை ஒரு கார்பன் மின்முனையில் பூசி, சர்க்கரைத் தண்ணீரில் இறக்கி, மின்னழுத்தத்தை மெல்ல ஏற்றினால், அந்தத் தட்டை முகங்களில் சர்க்கரை எலக்ட்ரானைக் கொடுத்துவிட்டுப் போகும். கணினித் திரையில் கோடு ஒரு மேடாக எழும். துகள் உருண்டையாக இருந்தால் அந்த மேடு அவ்வளவாக எழாது. உடம்புக்குள் வைக்கும் கருவிகளை ரத்தத்துச் சர்க்கரையிலேயே ஓட்டிவிட வேண்டும் என்பது ஆய்வுக்கூடத்தை நடத்தும் மேடத்தின் ஆசை. அதற்கு முதல் ஆதாரமே பளிச்சக்கா எடுத்துக் கொடுத்த மேடுதான். கட்டுரை வெளிவந்தபோது அவள் பெயரும் அச்சில் வந்தது. வீட்டுக்காரருக்கு ஒரு வரிகூடப் புரியவில்லை, ஆனால் பேருந்தில் ஏறிய வாத்தியார் ஒருவருக்கும் காட்டாமல் விடவில்லை.

அப்புறம் வந்தார் ஒரு வெளியூர்ப் பேராசிரியர். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "இந்த மேடு பிளாட்டினத்தால வருதா, அதுல ஒட்டியிருக்கிற அழுக்கால வருதா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டார்.

யாரைப் பார்த்து என்ன கேள்வி! அவளுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. துகள் செய்யும்போது அதைச் சுற்றி ஒரு பிசின் ஒட்டுவது உண்மைதான். அதை ஒழித்துக்கட்ட மின்னழுத்தத்தை உச்சத்துக்கு ஏற்றினாள், இறக்கினாள், திரும்ப ஏற்றினாள். மேடு குறைந்தது. இன்னும் அழுக்குப் போகவில்லையோ என்று மேலும் ஏற்றி இறக்கினாள். மேடு போயே போய்விட்டது.

சுத்தம் செய்யச் செய்ய மேடு போகிறதென்றால் அந்த மனிதர் சொன்னதுதான் சரி. ஊரைக் கூட்டிக் காட்டியது வெறும் அழுக்கை.

மேடம் திட்டியிருந்தால்கூடத் தேவலை. "வெள்ளிக்கிழமை வரைக்கும் பாப்போம்மா. வரலேன்னா கட்டுரைய நாமளே வாபஸ் வாங்கிடலாம். தப்புன்னா தப்புன்னு சொல்லிடணும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அன்று சாயங்காலம் வீட்டில் அவள் அடுப்புப் பக்கமே போகவில்லை. வீட்டுக்காரர்தான் முட்டை பொரித்துக்கொண்டு புலம்பினார்.

"சட்டிய விட்டு வரமாட்டேங்குதே!"

"நல்லாத் தேச்சுதானே வச்சேன்."

"அதான் தாயே வினை! ஒட்டாத சட்டின்னு வாங்கினோம். அழுக்கத் தேய்க்கிறேன்னு மேல இருந்த பூச்சையே தேச்சு எடுத்துட்டியே!"

அவள் விருட்டென்று எழுந்தாள். "என்ன சொன்னீங்க? இன்னொரு தடவ சொல்லுங்க."

"ஐயோ, நான் ஒண்ணும் சொல்லல. நாளைக்கே புதுசு வாங்கிடறேன்."

மறுநாள் காலை எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் அறையைத் திறப்பதற்கு முன்பே அவள் வாசலில் நின்றாள். அதை இயக்குபவன் சலித்துக்கொண்டான்.

"செஞ்ச அன்னைக்கே பாத்தாச்சேக்கா? கட்டி கட்டியா அம்சமா இருந்துச்சே."

"செஞ்சது இல்ல தம்பி. கழுவினதப் பாக்கணும்."

அந்தக் கூடத்தில் அதுவரை யாரும் கழுவியதைப் பார்த்ததில்லை. மைக்ரோஸ்கோப் கிடைப்பதே குதிரைக்கொம்பு. கிடைத்த நேரத்தில் புதிதாகச் செய்ததைத்தான் பார்ப்பார்கள்.

"அடடா, போச்சுக்கா! மூலையெல்லாம் மழுங்கி சோப்புத் துண்டு மாதிரி உருண்டு கிடக்கு."

"உருண்டுடுச்சா? நிஜமாவா? அப்போ மேடு போனது அழுக்குப் போனதால இல்ல, மூலை போனதால!" என்று அவள் கைதட்டினாள். வேலை கெட்டதற்குக் குதிக்கிற ஆளை அவன் அப்போதுதான் பார்த்தான்.

புதிதாகக் கட்டிகள் செய்தாள். இந்த முறை உச்சத்துக்கு ஏற்றவே இல்லை. காரக் கரைசலில் ஊறவைத்துச் சுத்தமான தண்ணீரில் அலசினாள், அவ்வளவுதான். 'இன்னும் ஒரு தடவை' என்று பரபரத்த கையை அடக்குவதுதான் பெரும்பாடாக இருந்தது. மைக்ரோஸ்கோப்பில் மூலைகள் அப்படியே இருந்தன. சர்க்கரை சேர்க்காத அமிலத்தில் சோதித்தாள். பிசின் மிச்சமிருந்தால் அங்கேயே காட்டிக்கொடுத்துவிடும். துளிகூட இல்லை.

வெள்ளிக்கிழமை மேடம் பின்னால் வந்து நிற்க, சர்க்கரைத் தண்ணீரில் முனையை இறக்கினாள். கோடு நகர்ந்தது. கொஞ்ச தூரம் படுத்தே போனது. அப்புறம் ஏறியது, ஏறிக்கொண்டே போனது.

"அப்பாடா!" என்றார் மேடம். "கட்டுரை இருக்கட்டும்மா."

பளிச்சக்கா நாற்காலியில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். "நான் பொய் காட்டல மேடம்."

"பொய்னு யாரும்மா சொன்னா?"

"நான்தான். தினம் எனக்கே சொல்லிக்கிட்டிருந்தேன்."

சாயங்காலம் வீட்டுக்காரர் காபியைப் பாதியில் வைத்துவிட்டு வாசலுக்குப் போய்த் திரும்பினார். குவளை வைத்த இடத்தில் இருந்தது, காபியும் இருந்தது. அவருக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"ஏம்மா, உடம்பு ஏதும் சரியில்லையா?"

"மேடு வந்துடுச்சுங்க," என்றாள் அவள். "உக்காந்து நிதானமாக் குடிங்க."