பெயரைச் சுரண்டியவன்

என் சித்தப்பா மகள் ஜெனிஃபருக்குக் கோபம் வந்தால் சத்தம் வராது. எனக்கு வந்தால் தொண்ணூறு அடி ரோட்டில் இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கேட்கும். என் பெயர் ஆன்றோ. தாராவியில் மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். சாஜன் என்ற பெயரை என் கடைக்குள் யாரும் சொல்லக் கூடாது. சொன்னால் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்துவிடுவேன், பிறகு அன்றைக்கு வேலை ஓடாது. ஆனால் ஜெனிஃபரைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் அந்தக் கழிசடையைப் பற்றியும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஜெனிஃபர் செம்பூரில் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறாள். சித்தப்பா இன்னாசிமுத்துவுக்குத் தோல் பட்டறையில் வேலை. சித்தி ஏஞ்சலம்மாள் இங்கேயே பிறந்து, முனிசிபல் பள்ளியில் இந்தி மீடியத்தில் படித்தவள். அவள் பேசும் தமிழைக் கேட்டால் நேற்றுத்தான் திருநெல்வேலியிலிருந்து ரயில் ஏறி வந்தவள் என்று நினைப்பீர்கள். ஆனால் ஒரு தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாது. எங்கள் சந்தில் மாதம் ஒரு வீட்டில் அன்பியக் கூட்டம் நடக்கும். பத்து வீட்டுக்காரர்கள் கூடி ஜெபம் சொல்லி, ஆளுக்கு ஒருவராக பைபிள் வாசிப்பார்கள். சித்தியின் முறை வரும்போதெல்லாம் கண்ணாடியை மறந்துவிட்டேன் என்பாள். அவளுக்குக் கண்ணாடியே கிடையாது. எல்லோருக்கும் தெரியும், யாரும் காட்டிக்கொள்ள மாட்டார்கள்.

ஜெனிஃபர் இதைப் பார்த்துப் பார்த்து ஒரு ஆப் எழுதினாள். தமிழ்ப் பக்கத்தின் மேல் போனைப் பிடித்தால், அதே தமிழ் இந்தி எழுத்தில் வந்துவிடும். இந்தி எழுத்தைப் பார்த்துத் தமிழாகவே வாசிக்கலாம். முதல் தடவை சித்தி பைபிளில் திருப்பாடல் ஒன்றைக் கடகடவென்று வாசித்து முடித்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்தாள். சித்தப்பா மாவுக்கடைக்குப் போவதாகச் சொல்லி வெளியே போய் நின்றார். பம்பாயில் சித்தியைப் போல எத்தனை ஆயிரம் தமிழர்கள் இருக்கிறார்கள் என்று நினைக்கிறீர்கள்?

அதனால்தான் அவள் அதை ஓப்பன் சோர்ஸாக நெட்டில் போட்டாள். அது என்ன எழவு என்று நான் கேட்டேன். நம் வீட்டில் பாத்திரத்தில் பெயர் வெட்டி வைக்கிறோம் இல்லையா, அது மாதிரி என்றாள். அண்டாவை யார் வேண்டுமானாலும் வாங்கிக்கொண்டு போய்ப் பொங்கலாம், பிரியாணி போடலாம், ஓட்டை விழுந்தால் அடைத்தும் கொடுக்கலாம். ஆனால் அதில் வெட்டியிருக்கிற பெயரைச் சுரண்டக் கூடாது. லைசென்ஸ் என்பது அவ்வளவுதான். ஓட்டையை அடைத்துத் தருகிறவர் பெயரையும் அவள் கீழே சேர்த்துக்கொள்வாள். விக்ரோலியிலிருந்து ஒருவர், புனேயிலிருந்து ஒரு டீச்சர் என்று யார் யாரோ திருத்தம் அனுப்பினார்கள். காலேஜிலிருந்து வந்ததும் பையைப் போட்டுவிட்டு அவர்களுக்கெல்லாம் பதில் எழுதிக்கொண்டிருப்பாள்.

சாஜன் அவளுடைய வகுப்பு. செம்பூர் காலனியில் சொந்த ஃபிளாட். அவனும் நம் ஊர்க் கிறிஸ்தவப் பையன்தான், அவனுக்கும் தமிழ் வாசிக்க வராது. ஆப் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டு வீட்டுக்கு வந்து போக ஆரம்பித்தான். சித்தி வைத்த சாளைக் குழம்பை மூன்று தடவை ஊற்றிச் சாப்பிடுவான். அவள் எழுதின ப்ரோகிராம் கோடில் ஒவ்வொரு இடமாகக் காட்டி இது ஏன், அது எதற்கு என்று கேட்பான். இந்தப் பைத்தியக்காரி எல்லாவற்றையும் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தாள்.

நாலு வருஷப் படிப்பில் மூன்றாம் வருஷக் கடைசியில் வாஷியிலிருந்து ஒரு கம்பெனி காலேஜுக்கு ஆள் எடுக்க வந்தது. ஆறு மாத இன்டர்ன்ஷிப், நன்றாகச் செய்தால் வேலை. சொந்தமாகச் செய்த ஒரு ப்ராஜெக்டைக் காட்ட வேண்டும். இந்த ஊரில் சர்நேம் இல்லாமல் எந்த வரிசையும் கிடையாது. நமக்கு ஏது சர்நேம்? அப்பா பெயரைத்தான் அந்த இடத்தில் போடுவோம். சாஜனுடைய அப்பா அல்போன்ஸ். ஆங்கில எழுத்துப்படி அவன் காலையிலேயே உள்ளே போய்விட்டான். இன்னாசிமுத்து மகள் மத்தியானம் போனாள்.

அவள் ஆப்பைத் திறந்து காட்டினதும் உள்ளே இருந்த மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். ஒருவர் இந்தியில் சொன்னாராம்: இதன் ஒரிஜினலைக் காலையிலேயே பார்த்தாயிற்று பேட்டா, அடுத்த தடவையாவது காப்பி அடிக்காமல் வா. சாஜன் அவளுடைய பெயரை எல்லா இடத்திலும் எடுத்துவிட்டுத் தன் பெயரைப் போட்டு, நிறத்தை மாற்றிக் காட்டியிருந்தான். இவள் தேதியெல்லாம் காட்டப் பார்த்திருக்கிறாள். நேரமில்லை என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

வெளியே வந்தால் அதற்குள் செய்தி பரவியிருந்தது. அன்றிலிருந்து அவளுக்குக் காலேஜில் காப்பி-பேஸ்ட் என்று பெயர். கேன்டீனில் அவள் போனால், ஏ காப்பி-பேஸ்ட், என் அசைன்மென்டையும் அடித்துக் கொடேன் என்பார்கள். டிபார்ட்மென்ட் தலைவர் ஹெச்ஓடியிடம் போய்ச் சொன்னாள். ஓப்பன் சோர்ஸ் என்றால் சும்மா கொடுத்ததுதானே, யாரும் எடுக்கலாம், இதற்குப் போய் ஏன் மனதைக் கெடுத்துக்கொள்கிறாய் என்று சொல்லிவிட்டு அவர் டீயைக் குடித்தார். சாஜன் ஒன்றும் பேசவில்லை. அவனுக்கு அந்த இன்டர்ன்ஷிப் கிடைத்தது.

நான் விஷயம் கேள்விப்பட்டதும் ஷட்டரை இறக்கினேன். என் தோஸ்த் பைசானிடம் வண்டியை எடுக்கச் சொன்னேன். செம்பூர் ஸ்டேஷனில் வைத்தே அவன் கையை ஒடிப்பது என்று முடிவு. ஜெனிஃபர் கடை வாசலிலேயே வந்து மறித்துவிட்டாள்.

"அண்ணே, கைய ஒடிச்சா ஒரு மாசத்துல கூடிரும். என்னையக் காப்பின்னு சொல்லுதாவல்லா, அந்தச் சொல்லை அவன் வாயாலயே மாத்திச் சொல்ல வைக்கணும். நீ பேசாம இரு."

பேசாமல் இருந்தேன். அவளும் ஒரு வார்த்தை பேசாமல், அந்தக் கம்பெனி என்ன வெளியே விடுகிறது என்று நெட்டில் பார்த்துக்கொண்டே இருந்தாள். மாதங்கள் போயின. இப்போதாவது ஏதாவது செய்யேன் என்று கேட்டால், பொறு என்பாள். இப்போது சொன்னால் ஒரு பையனின் பொய், அவர்கள் அதைத் தங்கள் பெயரில் வெளியே விட்ட பிறகு சொன்னால் ஒரு கம்பெனியின் தப்பு என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கள் குடும்பத்தில் இப்படி ஒரு மூளையா?

அப்படியே நடந்தது. கம்பெனி புது ஆப் ஒன்று விட்டது, இவள் பிரித்துப் பார்த்தால் அதற்குள் இவளுடைய கோடு அப்படியே இருந்தது. ஜெனிஃபர் அவர்களுக்கு மரியாதையாக ஒரு மெயில் போட்டாள். லைசென்ஸ்படி என் பெயர் இருக்க வேண்டும், இல்லையென்றால் என் கோடை எடுத்துவிடுங்கள், அவ்வளவுதான். சாஜனின் பெயரையே அவள் எழுதவில்லை. வக்கீல்களைக் கேட்டுப் பயந்துபோய் அவர்கள் உடனே அவள் பெயரைப் போட்டார்கள். எல்லாம் நானே எழுதினேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருந்த சாஜனை வீட்டுக்கு அனுப்பினார்கள். நான் சந்து முழுக்க வடாபாவ் வாங்கிக் கொடுத்தேன்.

ஆனால் அவளுக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்த ராஸ்கல் காலேஜில் வந்து, ப்ராஜெக்டையே கம்பெனி மூடிவிட்டது, அதனால் திரும்பிவிட்டேன் என்று சொல்லியிருந்தான். கம்பெனி ஆப்பின் மூலையில் இருக்கிற பெயரைக் காலேஜில் யார் போய்ப் பார்க்கப் போகிறார்கள்? இவள் அங்கே இன்னும் காப்பி-பேஸ்ட்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் சித்தி வீட்டில் இருந்தபோது சாஜன் அவன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். அந்த அம்மா சித்தியின் கையைப் பிடித்து அழுதாள். இரண்டு பேரும் சேர்ந்துதான் செய்தோம் என்று கம்பெனிக்கு ஜெனிஃபர் ஒரு வரி எழுதினால் போதுமாம், அவனைத் திரும்ப எடுத்துக்கொள்வார்களாம். சித்தி உருகிவிட்டாள். எழுதிக் குடுத்திரேன்ட்டி என்று கண்ணாலேயே சொன்னாள். சாஜன் வாசலில் நின்று செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"எழுதுதேன் ஆண்ட்டி," என்றாள் ஜெனிஃபர். "நாளைக்கு கிளாஸ்ல எல்லார் முன்னாலயும் நான்தான் திருடுனேன்னு ஒங்க மவன் சொல்லட்டும். சொன்ன நிமிசமே எழுதுதேன்."

அந்த அம்மா மகனைப் பார்த்தாள். அவன் தலையை நிமிர்த்தவே இல்லை. இரண்டு பேரும் டீயைக் குடிக்காமல் போய்விட்டார்கள். எனக்கு அன்றைக்கு நெஞ்சு குளிர்ந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஜெனிஃபரின் ஆப்புக்கு ஒரு திருத்தம் வந்தது. பழைய போன்களில் ஆப் நடுவில் நின்றுபோகிறது என்று ரொம்ப நாளாகப் பலர் புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளும் முட்டிப் பார்த்து முடியாமல் விட்டிருந்தாள். அதைச் சரிசெய்து அனுப்பியிருந்தவன் சாஜன். மன்னிப்பு என்று ஒரு சொல் இல்லை. வெறும் கோடு.

அவள் அதைத் தொடவில்லை. சேர்க்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. ஏன் இன்னும் சேர்க்கவில்லை என்று புனே டீச்சர் கேட்டார். பார்க்கிறேன் என்று மட்டும் எழுதினாள். கிடக்கட்டும், நாறட்டும் என்று நான் சொன்னேன். அவனும் ஒரு பதிலுக்காக வாசலில் நின்று பார்க்கட்டுமே.

அப்படியிருக்கும்போது அன்பியக் கூட்டம் எங்கள் சித்தி வீட்டிலேயே வந்தது. ஈஸ்டருக்கு முந்தின தபசுக் காலம், நல்ல கூட்டம். சித்திதான் வாசிக்க வேண்டும். இப்போதெல்லாம் அவள் யாருக்கும் முந்தி எழுந்துவிடுவாள். பைபிளின் மேல் போனைப் பிடித்தாள். அது போன வாரம்தான் என் கடையில் நான் டிஸ்ப்ளே மாற்றிக் கொடுத்த பழைய போன். இரண்டு வரி வாசித்தாள். ஆப் நின்றுவிட்டது. தட்டினாள், ஆட்டினாள், மூடித் திறந்தாள். எல்லோரும் பைபிளைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். பக்கத்து வீட்டு ஸ்வீட்டி, நான் வாசிக்கட்டுமா அக்கா என்று மெதுவாகக் கேட்டாள். சித்தி கண்ணாடியை எங்கேயோ வைத்துவிட்டேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.

நான் ஜெனிஃபரைப் பார்த்தேன். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. எல்லோரும் போன பிறகு அவளே அம்மாவிடம் சொன்னாள், இதற்கு மருந்து வந்து கிடக்கிறது, நான்தான் போடவில்லை என்று. யார் அனுப்பியது என்று சித்தி கேட்டாள். சொன்னாள்.

சித்தி திட்டவில்லை. "அவன் மேல உள்ள கோவத்துக்கு என்னைய சபையில நிக்க வச்சிட்டியே மோளே," என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். ஜெனிஃபர் அழுததை அன்றைக்குத்தான் நான் முதன்முதலாகப் பார்த்தேன்.

எனக்கு மண்டை சூடாகிவிட்டது. அந்தத் திருத்தம் எவ்வளவு பெரியது என்று கேட்டேன். ஒரு பக்கம்கூட வராது என்றாள். எனக்கு உடனே யோசனை வந்தது. அவன் எழுதினதைப் பார்த்துவிட்டாய், கொஞ்சம் அங்கே இங்கே மாற்றி நீயே எழுதின மாதிரி போட்டுவிடு, யாருக்குத் தெரியப் போகிறது, அந்தத் திருட்டுப் பயலுக்கு எதற்குப் பெயர் என்றேன். அவன் செய்ததை அவனுக்கே செய்தால்தானே கணக்கு நேராகும்? எனக்கு அது ரொம்ப நியாயமாகத்தான் பட்டது, இன்றைக்கும் படுகிறது.

ஜெனிஃபர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள். லேப்டாப்பைத் திறந்தாள். அவன் கோடை வரி வரியாக, தப்புக் கண்டுபிடித்தே தீருவது என்று வாசித்தாள். ஒரு தப்பும் இல்லை, நாசமாய்ப் போறவன் நல்லா எழுதியிருக்கான் என்றாள். அப்படியே சேர்த்தாள். கீழே பெயர்கள் இருக்கிற இடத்தில், புனே டீச்சரின் பெயருக்கு அடியில், சாஜன் அல்போன்ஸ் என்று தட்டினாள். கீபோர்டு உடைந்துவிடும் போல இருந்தது அவள் தட்டினது.

கொஞ்ச நேரத்தில் அவன் போன் பண்ணினான். நான் எடுக்காதே என்றேன். அவள் ஸ்பீக்கரில் போட்டாள். தேங்க்ஸ் ஜெனி என்றான். இதைக் காட்டி வேறு கம்பெனியில் கேட்டிருக்கிறேன், உன் ப்ராஜெக்டில் என் பெயர் இருந்தால் எனக்குப் பெரிய உதவி என்றான்.

"ஒதவி இல்ல சாஜன். நீ எழுதுன, ஒன் பேரு இருக்கு," என்றாள் ஜெனிஃபர். "நான் எழுதுனதை யார் எழுதுனதுன்னு நீ எப்ப சொல்லப் போற?"

அவன் போனை வைத்துவிட்டான்.

வேறு கம்பெனியில் அவனுக்கு வேலை கிடைத்துவிட்டது என்று கேள்விப்பட்டேன். காலேஜில் அவன் இதுவரை வாயைத் திறக்கவில்லை, அவளை இன்னும் காப்பி-பேஸ்ட் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஆப்பில் இருக்கிற அவன் பெயரை அழிக்க ஒரு நொடி போதும். அழித்துத் தொலை என்று நான் வாரத்துக்கு ஒரு தடவையாவது அவளிடம் கத்துகிறேன். அவன் எழுதினது அதில் இருக்கிற வரைக்கும் பெயரும் அங்கேயேதான் இருக்கும், உண்மையைச் சொல்கிற வரைக்கும் ஆப்பைத் திறக்கிற ஒவ்வொரு தடவையும் அவன் அதைப் பார்க்கட்டும் என்கிறாள்.