பூனைக் கண்ணில் சதை பார்த்தவர்

நான் வாழ்க்கைப்பட்டுப் போன பாகூர் வீட்டில் எல்லாம் தெரிந்தவர் ஒருவர் இருந்தார். என் மாமனாரின் தம்பி. சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்துக்குச் சமைத்துப் போட்டுவிட்டு வந்தவர். அங்கே என்ன ஆக்கிப் போட்டாரோ, ஊரில் வந்து இறங்கும்போது டாக்டராகவே இறங்கினார். மாட்டுக்கு வயிறு உப்பினாலும் பிள்ளைக்குச் சுரம் வந்தாலும் "சைகோன்ல..." என்றுதான் ஆரம்பிப்பார். வீடே வாயைப் பிளந்து கேட்கும்.

ஒரு தை மாதம் களத்தில் போரடித்துக்கொண்டிருந்தார்கள். எலிக்காக வளர்த்த எங்கள் வெள்ளைப் பூனை அங்கிருந்து வலது கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வடிந்தது. முன்னங்காலால் தேய்த்துக்கொண்டே இருந்தது. மறுநாள் மஞ்சளாகப் பீளை கட்டி இமை ஒட்டிக்கொண்டது. மூக்கோரத்திலிருந்து வெள்ளைச் சவ்வு ஒன்று பாதிக் கண்ணை மறைத்திருந்தது.

சின்ன மாமனார் ஒரு பார்வை பார்த்தார். என் வீட்டுக்காரரிடம், "சதை வளருதுடா. அறுத்துட்டா சரியாப் பூடும். சைகோன்ல எத்தினி பாத்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு, முகம் வழிக்கும் கத்தியை எடுக்கப் போனார். என் வீட்டுக்காரர் மறுபேச்சில்லாமல் பூனையைச் சுற்றிப் பிடிக்கக் கோணி தேடினார். அப்படியொரு வீரர்.

எனக்கு எரிந்தது. தூங்கி விழிக்கும்போது எந்தப் பூனைக்கும் அந்தச் சவ்வு ஒரு கணம் தெரியும். பூனையோடு ஒரே கூரையில் இருக்கிற யாரும் பார்த்திருக்கலாம், பார்க்கிற புத்தி இருந்தால்.

"மாமா, அது சதையில்ல. எல்லாப் பூனைக்கும் இருக்கறதுதான். கண்ணு நோவுது, அதான் மேல ஏறி நிக்குது."

"உனக்கு இன்னா தெரியும்? நீ சைகோன் போனியா?"

"பூனை போச்சா?" என்று கேட்டுவிட்டு, அதைத் தூக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குள் போய்க் கதவைச் சாத்தினேன்.

காய்ச்சி ஆறவைத்த உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துப் பீளையைக் கரைத்தேன். கீழிமையை இழுத்துப் பார்த்தால், ஊசி போல ஒரு நெல் சுணை. தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவியதில் வெளியே வந்துவிட்டது. அதுவரை அவர் கதவைத் தட்டிக் கத்திக்கொண்டிருந்தார்: "கண்ணு பூடும், பாத்துக்கோ! பழி உன் மேலதான்!"

கண் போகவில்லை. கருவிழியில் நீலம் பாரித்த புள்ளி ஒன்று மட்டும் தங்கிவிட்டது.

மாசி மகத்துக்கு வந்த உறவுக்காரர்களிடம் அந்தப் புள்ளியைக் காட்டி, "நான் அறுத்த வடு, தெரியுதா?" என்றார் அவர். அவர்களும் குனிந்து பார்த்துத் தலையாட்டினார்கள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. பல நாள் என் வீட்டுக்காரரோடு பேசாமல் இருந்தேன். அதை அவர் கவனித்ததாகக்கூடத் தெரியவில்லை.