வேலையில்லாத மாப்பிள்ளைக்குச் சாட்சி

நான் உக்கடம் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். வீடு இருந்த கருமத்தம்பட்டி அதற்கு நேர் எதிர்த்திசை. கோபம் வந்தால் எனக்குக் கால்தான் முதலில் கிளம்பும். பின்னாலேயே மாமனார் மொபெட்டை நடை வேகத்துக்கு ஓட்டிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னால் ஒரு டவுன் பஸ் விடாமல் ஹாரன் அடித்தது.

"ஏனுங்க மாப்ளை, ஏறுங்க. இந்த வெயில்ல எங்க போறீங்க?"

"மலேசியாவுக்கு."

"ஏர்போர்ட் இந்தப் பக்கம் இல்லீங்களே. நம்மூட்டுக்குப் போற வழியிலதானுங்க இருக்குது."

சிரிப்பு வந்தது. ஆனாலும் ஏறவில்லை.

நான் மலேசியாவில் எஸ்டேட்டில் பிறந்தவன். தமிழ்ப் பள்ளியோடு படிப்பு முடிந்தது. அப்புறம் செம்பனைத் தோட்டம், மீன் படகு, சிங்கப்பூரில் கட்டட வேலை என்று ஓடிக்கொண்டே இருந்தேன். சிங்கப்பூரில்தான் என் மனைவியைப் பார்த்தேன். அங்கே நர்ஸாக இருந்தாள். கல்யாணம் ஆனதும் அவளுக்குக் கோவையிலேயே நல்ல வேலை கிடைத்தது, வந்துவிட்டோம். இங்கே நான் வெளிநாட்டான். மனைவி இந்தியர் என்பதால் தங்கலாம். சம்பளத்துக்கு வேலை செய்ய வேண்டுமென்றால் தனி அனுமதி வேண்டும். அதற்கு எழுதிப் போட்டுவிட்டு மாமனார் வீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

உட்கார்ந்திருப்பது எனக்கு வராத வேலை. துடைப்பத்தை எடுத்தால் அத்தை பிடுங்கிக்கொள்வார். தண்ணீர்க் குடத்தைத் தூக்கினால், "அதைய உடுங்க மாப்ளை, பாக்கறவங்க எங்களைத்தான் பேசுவாங்க" என்பார். எனவே நடப்பேன். அவிநாசி ரோட்டின் ஓரத்திலேயே வெயில் தாழும்வரை நடந்துவிட்டு, மூன்று வேளையும் அவர்கள் பரிமாறுவதைச் சாப்பிடுவேன். பட்டினி கிடந்த நாட்கள் எனக்குண்டு. அவற்றை இதைவிடச் சுலபமாகக் கழித்திருக்கிறேன்.

அன்று மாமனாரோடு போன வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில்தான் அனுமதி தாமதமாவதற்குக் காரணம் தெரிந்தது.

"நீங்கதான் ஏற்கெனவே வேலை செய்யறீங்களே? அனுமதி வாங்காம வேலை பார்த்தா, திருப்பி அனுப்பறதுக்கே அதிகாரம் இருக்குங்க" என்றார் அதிகாரி. விசாரணைக்கு வீட்டுக்கு வந்த போலீஸ்காரர் அப்படித்தான் சொல்லியிருந்தாராம். அவருக்குச் சொன்னவர் என் மாமனார்.

காந்தி பார்க் தாண்டியதும் நான் நின்றேன். அவரும் மொபெட்டை நிறுத்தினார். பஸ் எங்களைத் திட்டிவிட்டுப் போனது.

"ஏன் மாமா அப்படிச் சொன்னீங்க?"

அவர் தலையைச் சொறிந்தார். "வந்தவரு, 'மாப்ளை என்ன பண்றாருங்க'ன்னு கேட்டாருங்க. பக்கத்தூட்டுக்காரங்க வேற நின்னு பார்த்துட்டு இருந்தாங்க. சும்மாதான் இருக்கறாருன்னு எந்த வாயில சொல்றது? நம்ம தறிக் குடோன்ல மேனேஜருன்னு சொல்லிப்போட்டேன்."

"என்னை ஊருக்கு அனுப்பிட்டா உங்க பொண்ணு?"

அவர் முகம் மாறிவிட்டது. அதுவரை அதை அவர் யோசித்திருக்கவே இல்லை. "ஏறுங்க மாப்ளை. இப்பவே ஸ்டேசனுக்குப் போறோம். என்ற வாயால கெட்டதை நானே சரி பண்றேன்."

ஏறினேன்.

கருமத்தம்பட்டி இன்ஸ்பெக்டர் பொறுமைசாலி. இவர் வேலை செய்யவில்லை என்பதற்கு அக்கம்பக்கத்தில் யாராவது சொல்வார்களா என்று கேட்டார். மாமனார் போன் போட்டார். எதிர்வீட்டு அக்காவும், குடோனில் தறி ஓட்டுகிறவரும் கொஞ்ச நேரத்தில் வந்து நின்றார்கள். இருவருக்கும் முகமெல்லாம் உற்சாகம்.

"இவருங்களா?" என்றார் அக்கா. "ஒரு துரும்பை எடுத்து அந்தப் பக்கம் போட்டதில்லீங்க. நாள் பூரா ரோட்டுல நடப்பாருங்க. எதையோ தொலைச்சுப்போட்டுத் தேடறாருன்னு நெனச்சேன்."

"தறிக்குள்ள ஒருக்கா வந்தாருங்க" என்றார் தறிக்காரர். "சத்தம் தாங்காமக் காதைப் பொத்திக்கிட்டு ஓடியே போயிட்டாரு. அறுந்த நூலைக் கட்டக்கூடத் தெரியாது."

மாமனார் முதலில் தலை குனிந்தபடி நின்றார். பிறகு அவருக்கும் சூடு பிடித்துவிட்டது. "சார், நெசத்தைச் சொல்லிப்போடறனுங்க. பொழுது உச்சிக்கு வந்தாத்தான் எந்திரிப்பாருங்க. திம்பாரு. மறுபடி படுத்துக்குவாரு."

"அவ்வளவு நேரமெல்லாம் தூங்கறதில்லை மாமா."

"நீங்க சும்மா இருங்க மாப்ளை. நான் பேசிட்டு இருக்கறனில்ல?"

இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போதுங்க, இத்தனை வேண்டாம்" என்றார். மூன்று பேர் சொன்னதையும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். வெளியே வந்ததும் மாமனார் எல்லோருக்கும் டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தார். தனக்கு வேண்டாமென்றுவிட்டார்.

அதற்குப் பிறகும் காத்திருக்கத்தான் வேண்டியிருந்தது. ஊர் முழுக்க நான் வெட்டி என்று தெரிந்துபோனதால் ஒரு நன்மை: அத்தை துடைப்பத்தை என்னிடமே விட்டுவிட்டார். அனுமதி வந்த சேதியை ஒரு சாயங்காலம் மனைவி போனில் படித்துக் காட்டினாள். இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

மாமனார் ஓடிப்போய்க் குடோனில் ஒரு சுழல் நாற்காலியைத் துடைத்து வைத்துவிட்டு வந்தார். "நாளைக்குக் காத்தால இருந்து நீங்க நெசமாவே மேனேஜருங்க."

"மறுபடியும் உட்காரச் சொல்றீங்களா மாமா?"

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மாமனார் நாற்காலி துடைத்த துணியை உதறி மடித்தார். அப்புறம், "அப்ப என்ன பண்ணலாமுன்னு இருக்கறீங்க?" என்றார்.

"நிற்கிற வேலை ஏதாவது."

"நம்மூருல மட்டும் வேண்டாமுங்க, கண்ணு. காங்கேயத்துல ஒருத்தரு தேங்காய்க் களம் போட்டிருக்கறாரு. ஆளு வேணும்னாரு." முதல்முறையாக என்னைக் கண்ணு என்றார்.

மறுநாள் காலை காங்கேயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். களத்துக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். பேர், ஊர் கேட்டார். வெயில் தாங்குவீர்களா என்றும் கேட்டார். தாங்குவேன் என்றேன். நீளப் பிடி போட்ட மரப்பலகை ஒன்றைக் கையில் கொடுத்தார். களம் முழுக்கத் தேங்காய்ப் பருப்பு காய்ந்துகொண்டிருந்தது. செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கிழக்கு மூலையிலிருந்து புரட்டத் தொடங்கினேன்.