பத்துக்கு இரண்டு

எனக்கு முடக்குவாதம். பூந்தமல்லியில் நான் காட்டும் டாக்டர் ஒவ்வொரு முறையும், "வலி பத்துக்கு எவ்வளவு?" என்று கேட்பார். நாம் சொல்லும் எண்ணையும் சேர்த்துப் பார்த்துத்தான் மருந்தைக் கூட்டுவார்.

"ரெண்டு தான் டாக்டர். ஸ்கூல்லயே அதுக்கு மேல வாங்கினதில்ல" என்றேன். டாக்டர் சிரித்தார். அடுத்த ஆளாக உள்ளேயே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த பெண்ணும் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு மருந்து வாங்குமிடத்தில் அதே பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினார். "அண்ணே, இத்த கொஞ்சம் தொறந்து குடுங்க. எனக்கு வெரலு மடங்கல."

திருகினேன். மூடி அசையவில்லை, என் முகம்தான் கோணியது. சட்டை நுனியை வைத்தும் திருகிப் பார்த்தேன்.

அவர் என் விரல்களையே பார்த்தார். "ரெண்டுன்னீங்களே அண்ணே?"

"அது சும்மா தமாசுக்கும்மா."

"நான் எட்டுன்னு சொல்லத்தான் வந்தேன். கத்திரி புடிச்சி துணி வெட்ட முடியல, தையல் வேலையே போய்டும் போல கீது. நீங்க சிரிச்சிகினு ரெண்டுன்னதும், எட்டுன்னா நடிக்கிறேன்னு நெனைப்பாரோன்னு மூணுன்னுட்டேன். பழைய மாத்திரையே போதும்னு எழுதிட்டாரு."

அவரை அழைத்துக்கொண்டு மறுபடி டாக்டரிடம் போனேன். "எனக்கு ஏழு டாக்டர், பொய் சொல்லிட்டேன். மொதல்ல இவங்கள இன்னொரு தடவ கேளுங்க" என்றேன். யாரும் சிரிக்கவில்லை.

என் வலியை மறைத்தால் அது என் பாடு என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.